கோவாவில் ஒரு சீசன் பார் வேலை: மழை விட்டதிலிருந்து ஷாக் பிரிக்கும் வரை

மே மாதக் கடைசி வாரத்தில் வடகோவாவின் கடற்கரையில் நடந்தால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். ஷாக் எனும் சீசன் கடைகளைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். கூரை ஓலை ஒரு பக்கம், மூங்கில் ஒரு பக்கம், ஃப்ரிட்ஜைக் கயிறு கட்டி ஏற்றும் டெம்போ ஒரு பக்கம். அந்த இரைச்சலுக்கு நடுவே தோளில் பையோடு ஒருவன் ஓரமாக நின்றுகொண்டிருப்பான். ஊருக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, கடைசி மாதச் சம்பளம் இன்னும் கைக்கு வரவில்லை. என் முதல் சீசனில் அப்படி நின்றவன் நான்தான். பாதிப் பணம்தான் வந்தது. மீதி அந்த முதலாளியின் "அடுத்த வாரம் அனுப்புகிறேன்" என்ற சொல்லோடு போயிற்று.

அதனால் இந்த வழிகாட்டியில் காக்டெயில் கலக்கும் வித்தையைவிட மாதக் கணக்கும் படுக்கும் இடமும் அதிகம் வரும். கோவாவில் பார் வேலை கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. சரியான மாதத்தில் போய், நல்ல இடமாகப் பார்த்துச் சேர்ந்து, உழைத்த காசை முழுசாக வாங்கிக்கொண்டு வருவதில்தான் பலருக்கும் சறுக்குகிறது.

எந்த மாதிரி பார்?

ஷாக் என்றால் மின்சார ஷாக் இல்லை. மணலில் மூங்கிலும் பலகையும் ஓலையும் வைத்து சீசனுக்கு மட்டும் கட்டுகிற சாப்பாட்டுக் கடை. முன்னால் சாய்வுக் கட்டில்கள், பின்னால் சின்ன பார், அதற்கும் பின்னால் சமையலறை. சுற்றுலாத் துறை குலுக்கல் முறையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடம் ஒதுக்கும். உரிமம் வாங்கியவர் ஒருவராகவும் கடையை நடத்துகிறவர் வேறொருவராகவும் இருப்பதுண்டு. உள்வாடகைக்கு விடக் கூடாது என்பது விதி, ஆனால் நடக்கிறது. உங்களுக்குச் சம்பளம் தரப்போவது யார் என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது இரவு விடுதிகள். பாகா, அஞ்சுனா, வாகாத்தோர் பக்கம் இவை அதிகம். டிப்ஸ் நன்றாக வரும், தூக்கம் வராது. மூன்றாவது ஹோட்டல்களும் ரிசார்ட்டுகளும். காண்டோலிமிலும் தெற்கே கவேலோசிம், வார்கா பக்கமும் பெரியவை இருக்கின்றன. சீருடை, வருங்கால வைப்பு நிதி, ஈஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு, வாரவிடுப்பு எல்லாம் ஒழுங்காக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கேட்டரிங் படித்தவர்களையே முதலில் பார்ப்பார்கள். பணஜியில் மாண்டவி ஆற்றில் மிதக்கும் கேசினோ கப்பல்களிலும் பார் உண்டு, அது தனி உலகம். உள்ளூர்க்காரர்கள் நின்றபடி கோவாவின் சொந்தச் சாராயமான ஃபெனி குடிக்கும் 'தவெர்னா' கடைகளைக் குடும்பமே பார்த்துக்கொள்ளும், வெளியாளுக்கு அங்கே வேலை இருக்காது.

முதல் முறை போகிறவருக்கு என் சிபாரிசு ஷாக். அல்லது இருபது, முப்பது பேர் உட்காரும் சின்ன ரெஸ்டாரண்ட் பார். அங்கே காலையில் மேசை துடைப்பீர்கள், மதியம் மீன் தட்டு தூக்குவீர்கள், சாயங்காலம் பாருக்குள் நிற்பீர்கள். எல்லா வேலையும் கண்ணில் படும். விடுதியில் சேர்ந்தால் ஐஸ் சுமப்பதிலேயே ஒரு சீசன் போய்விடும்.

காலண்டரைப் பார்த்துப் புறப்படுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை கோவாவில் அடைமழை. கடற்கரையில் ஷாக் எதுவும் இருக்காது. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ கட்ட ஆரம்பிப்பார்கள். மழை நீண்டாலும் உரிமம் தாமதமானாலும் அதுவும் தள்ளிப்போகும். "அக்டோபர் 1 அன்று கடை திறக்கிறோம், வந்துவிடு" என்று போனில் சொல்வதை அப்படியே நம்பினால், மூன்று வாரம் மூங்கில் தூக்கிக்கொண்டு, சாப்பாட்டுக்கு மட்டும் வேலை பார்க்க நேரிடும். கடை கட்டும் நாட்களுக்குக் கூலி உண்டா என்று முன்பே கேளுங்கள்.

விநாயகர் சதுர்த்தியை அங்கே 'சவொத்' என்பார்கள். கோவாவின் இந்துக் குடும்பங்களுக்கு வருஷத்தின் பெரிய பண்டிகை அதுதான். அந்த வாரம் வேலை கேட்டு அலைந்து பயனில்லை, பாதி முதலாளிகள் பூர்வீக வீட்டில் இருப்பார்கள். சதுர்த்தி முடிந்து, தீபாவளிக்கு முன்னால் இருக்கும் இடைவெளியே வேலை தேட நல்ல நேரம். தீபாவளிக்கு வடநாட்டிலிருந்து கூட்டம் இறங்கும். ரஷ்யாவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வரும் சார்ட்டர் விமானங்களும் அக்டோபர், நவம்பரில் தொடங்கிவிடும். அதற்குள் ஆளெடுப்பு பெரும்பாலும் முடிந்திருக்கும்.

அக்டோபரைத் தவறவிட்டவர்களுக்கு டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு கதவு திறக்கும். சேர்ந்தவர்களில் சிலர் சண்டை போட்டுக்கொண்டோ வீட்டு நினைப்பிலோ போயிருப்பார்கள். கிறிஸ்துமஸ் வருகிறது, முதலாளிக்குக் கை நடுங்கும். அப்போது பேரம் உங்கள் பக்கம் சாயும். ஆனால் டிசம்பர் 20 முதல் ஜனவரி 2 வரை விடுப்பு என்ற வார்த்தையே கிடையாது. அந்த நாட்களில் தங்கச்சி கல்யாணம் இருந்தால் சேரும்போதே சொல்லிவிடுங்கள்.

பிப்ரவரி, மார்ச்சில் கார்னிவலும் ஷிக்மோ எனும் வசந்த விழாவும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில், குழந்தைகளோடு வரும் இந்தியக் குடும்பங்கள், கூட்டத்துக்குத் தகுந்த டிப்ஸ் வராத மேசைகள். மே 31க்குள் மணல் வெறுமையாகிவிடும். நேபாளத்திலிருந்தும் இமாச்சலத்திலிருந்தும் வரும் பையன்கள் பலர் அப்படியே மணாலி, லே என்று மலைக்கு ஏறிவிடுவார்கள். அங்கே சீசன் தொடங்குவது அப்போதுதான். வருஷம் முழுக்க இப்படி மலைக்கும் கடலுக்குமாக வாழ்கிறவர்களோடு சிநேகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த முதலாளி காசு கொடுப்பார், எவர் இழுத்தடிப்பார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

ஊரிலேயே கற்றுக்கொள்ள வேண்டியவை

"டாஸ்மாக் பாரில் மூன்று வருஷம் இருந்தேன்" என்று சொன்னால் கோவாவில் அது பெரிதாக எடுபடாது. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். பக்கத்தில் இருக்கும் பாரில் டம்ளர், தண்ணீர், சுண்டல் மட்டுமே வியாபாரம். பையன் யாருக்கும் அளந்து ஊற்றுவதில்லை. கட்டிங் என்றால் 90 மில்லி, குவாட்டர் என்றால் 180 என்பது நமக்கு மனப்பாடம். அங்கே கணக்கு பெக்கில் ஓடும்: சின்ன பெக் 30 மில்லி, பெரியது 60. அந்த அளவுக் கிண்ணத்தைக் கையில் பிடித்து, சிந்தாமல், வாடிக்கையாளர் கண்முன் ஊற்றப் பழகுங்கள். வீட்டில் தண்ணீர் பாட்டிலை வைத்துப் பழகினாலே போதும். நான் என் அம்மாவின் நல்லெண்ணெய்ப் பாட்டிலை வைத்துப் பழகினேன், திட்டும் வாங்கினேன். பக்கத்தில் புதுச்சேரி இருக்கிறது. அங்கே ரெஸ்டாரண்ட் பார்களில் இரண்டு மாதம் ஹெல்பராக நின்றுவிட்டுப் போனால் 'அனுபவம் உண்டு' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம்.

காக்டெயில் நூறு தெரிய வேண்டியதில்லை. பத்து போதும், ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை தானாகச் செய்ய வேண்டும். மொஹிட்டோவுக்கு வெள்ளை ரம் 45 மில்லி, எலுமிச்சைச் சாறு 20, புதினா, சர்க்கரை, மேலே சோடா. புதினாவைக் கசக்கித் துவையலாக்காதீர்கள், கசந்துவிடும். லாங் ஐலண்ட் ஐஸ்டீயில் ஓட்கா, ஜின், வெள்ளை ரம், டெக்கிலா, ஆரஞ்சு மதுவான ட்ரிபிள் செக் ஆகிய ஐந்தும் சம அளவு, எலுமிச்சை, மேலே கோலா. பெயரைக் கேட்டு ஐஸ் டீ என்று நினைத்து ஆர்டர் செய்யும் அக்காக்கள் உண்டு, ஒரு வார்த்தை எச்சரித்துவிட்டு ஊற்றுங்கள். மார்கரிட்டா, விஸ்கி சவர், பினா கொலாடா, ப்ளடி மேரி, ஜின் டானிக், காஸ்மோபாலிட்டன் ஆகியவற்றையும் கற்றுக்கொண்டால் ஒரு சீசன் ஓடும்.

கோவாவின் சொந்தச் சரக்கைத் தெரிந்துகொண்டு போகிறவரைப் பார்த்தால் முதலாளி முகம் மலரும். முந்திரிக் கொட்டை நமக்குத் தெரியும், அவர்களுக்குப் பெரிது முந்திரிப் பழம். பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்த மரம் அது. பழத்தை மிதித்துச் சாறு எடுத்து, புளிக்கவைத்து, காய்ச்சி வடிப்பார்கள். முதல் வடிப்புக்கு உர்ராக் என்று பெயர், லேசானது, ஏறக்குறைய 15 சதவீதம். அதை மறுபடி வடித்தால் ஃபெனி, 42 சதவீதத்தை ஒட்டி நிற்கும். முந்திரி ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தென்னங்கள்ளிலிருந்து எடுக்கும் ஃபெனியும் உண்டு. உர்ராக் வருஷம் முழுக்கக் கிடைக்காது, பழம் வரும் பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரைதான். எலுமிச்சைச் சுவை கொண்ட குளிர்பானம், எலுமிச்சைத் துண்டு, சிட்டிகை உப்பு, கீறிய பச்சை மிளகாய் சேர்த்துக் கொடுப்பார்கள். மிளகாயை மறந்துவிடாதீர்கள், உள்ளூர்க்காரர் முகத்தைச் சுளிப்பார்.

ஜின்னும் இப்போது கோவாவின் அடையாளம். ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ், கிரேட்டர் தேன் போன்றவை அங்கே தயாராகின்றன. பால் ஜான் சிங்கிள் மால்ட்டும் கோவாவில்தான் வடிக்கப்படுகிறது. "இது உங்க ஊர் சரக்கா?" என்று கேட்கும் டெல்லிக்காரருக்கு இதைச் சொல்லத் தெரிந்தால் இரண்டாவது பெக்கும் அவரே கேட்பார்.

அப்புறம் மொழி. இந்தி இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம். கூட வேலை செய்பவர்கள், வாடிக்கையாளர்கள், காய்கறிக்காரர் எல்லோரும் அதில்தான் பேசுவார்கள். சரளமாக வேண்டாம்: எண்கள் நூறு வரை, 'எவ்வளவு', 'இன்னும் வேண்டுமா', 'பில் கொண்டுவரட்டுமா', இவ்வளவு இருந்தால் மீதியை இரண்டே வாரத்தில் கடற்கரை சொல்லிக் கொடுத்துவிடும். மோர்ஜிம், அரம்போல் பக்கம் ரஷ்யர்கள் அதிகம், உணவுப் பட்டியலே ரஷ்ய எழுத்தில் தொங்கும். கொங்கணியில் நன்றி சொல்ல 'தேவ் பொரெம் கொரும்'. அதை மட்டும் கற்றுக்கொண்டு போய் வீட்டுக்காரப் பாட்டியிடம் சொன்னேன். அன்று முதல் எனக்கு மீன் குழம்பில் ஒரு துண்டு கூடுதல்.

கையில் வைத்திருக்க வேண்டியவை

ஆதார், அதன் நான்கைந்து நகல்கள், புகைப்படங்கள், வங்கிக் கணக்கு, பான் அட்டை. வாடகை வீட்டில் தங்குகிறவர்களின் விவரத்தை வீட்டுக்காரர் போலீஸில் கொடுத்தாக வேண்டும், அதற்கு நகல் கேட்பார்கள். சான்றிதழ்களின் மூலத்தை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். காட்டலாம், நகல் தரலாம், அவ்வளவுதான். வயது 21 முடிந்திருப்பது நல்லது. மது ஊற்றும் இடத்தில் சின்னப் பையனை நிறுத்தினால் தங்களுக்குத் தொல்லை என்று முதலாளிகள் யோசிப்பார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபோஸ்டாக் (FoSTaC) பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் ஹோட்டல்களில் உதவும், ஷாக்கில் யாரும் கேட்கமாட்டார்கள்.

வேலை கிடைக்கவே இரண்டு வாரம் ஆகலாம். முதல் சம்பளம் அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்து. ஆக, ஆறு வாரச் சாப்பாடு, அறை வாடகை, திரும்பி வர டிக்கெட் மூன்றுக்கும் காசு இல்லாமல் புறப்படாதீர்கள். திரும்பி வரும் டிக்கெட் காசை வேறு கணக்கில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். அது இருக்கிறவரை எந்த முதலாளியையும் நிமிர்ந்து பார்த்துப் பேசலாம்.

"கோவாவில் பார் வேலை, மாதம் இவ்வளவு, பதிவுக் கட்டணம் அனுப்பவும்" என்று போனுக்கு வரும் விளம்பரங்களைப் பற்றி ஒரே வரி. வேலைக்குக் காசு கேட்கிறவரிடம் வேலை இல்லை.

போய்ச் சேர்வதும் படுப்பதும்

திருநெல்வேலியிலிருந்து கேரளம் வழியாகக் கொங்கன் பாதையில் போகும் ரயில்கள் தென்கோவாவின் மட்காவ் நிலையத்தில் நிற்கும். வேளாங்கண்ணிக்கும் கோவாவின் வாஸ்கோவுக்கும் இடையே வாராந்திர ரயில் ஒன்று உண்டு. மாதா கோயிலுக்கு வந்து திரும்பும் கோவாக்காரர்கள் அதில் நிறைய இருப்பார்கள். எனக்கு முதல் வேலை பற்றிய தகவல் கிடைத்ததே அப்படி ஒரு குடும்பத்தோடு இட்லி பங்கிட்டுக்கொண்டபோதுதான். பெங்களூரிலிருந்து இரவுப் பேருந்துகளும் ஏராளம்.

வடகோவாவில் வேலை தேடுகிறவர் மாபுசாவை மையமாக வைத்துக்கொள்வது நல்லது. உள்ளூரில் 'மாப்சா' என்பார்கள். காலங்கூட், அஞ்சுனா, அரம்போல் எல்லாவற்றுக்கும் அங்கிருந்து பேருந்து உண்டு. கடற்கரையைவிட அறை மலிவு. ஆனால் நடு இரவில் வேலை முடிந்தால் திரும்பிப் போகப் பேருந்து இருக்காது. ஓலா, ஊபர் கிடையாது. மஞ்சள் மட்கார்டு போட்ட பைக் டாக்ஸியை 'பைலட்' என்பார்கள், அதுவும் அந்த நேரத்தில் கிடைக்காது. வேலை கிடைத்தவுடன் கடைக்கு நடந்து போகும் தூரத்துக்கு மாறிவிடுவதே வழி. பெரும்பாலான கடைகள் தங்குமிடமும் சாப்பாடும் தரும். அந்த அறையை நேரில் பார்க்காமல் தலையாட்டாதீர்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வேலை கேட்கும் நாட்கள்

கைப்பேசியில் விண்ணப்பம் அனுப்புவதெல்லாம் ஹோட்டல்களுக்கு. ஷாக் வேலை கால் நடையில்தான் கிடைக்கும். காண்டோலிமில் மணலில் இறங்கினால் காலங்கூட் தாண்டி பாகா ஆறு வரை ஒரே நீளக் கடற்கரை, கடைகள் வரிசையாக நிற்கும். காலை பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டரை வரை ஒரு நடை. சாயங்காலம் நான்கிலிருந்து ஐந்தரை வரை இன்னொரு நடை. மதியச் சாப்பாட்டு நேரத்திலும் சூரியன் மறையும் நேரத்திலும் வேலை கேட்டுப் போகாதீர்கள். அந்த நேரம் தெரியாமல் வந்து நிற்கிறவனுக்கு இந்தத் தொழில் தெரியாது என்று முதலாளி முடிவு கட்டிவிடுவார்.

சட்டை இஸ்திரி போட்டிருக்கட்டும். முகச்சவரம், வெட்டிய நகம், காலில் மூடிய செருப்பு. முதலாளி எங்கே என்று கேட்காமல், பாரில் நிற்பவரிடம் போய் "பாய், ஆள் தேவைப்படுமா? மேனேஜர் எப்போ வருவார்?" என்று கேளுங்கள். பார்டெண்டர் மனசு வைத்தால் பாதி வேலை முடிந்தது. அவர் "இப்போ இல்லை" என்றால் பெயரையும் எண்ணையும் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, நாலு நாள் கழித்து மறுபடி போங்கள். எனக்கு இரண்டாவது சீசனில் வேலை தந்தவர் மூன்றாவது தடவை போனபோது சிரித்துவிட்டார். "நீ இன்னும் ஊருக்குப் போகலையா? சரி, உள்ளே வா, கிளாஸைத் துடை."

எந்த வேலை தெரியும் என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். பாருக்குள் நின்ற ஐந்தாவது நிமிடம் குட்டு உடைந்துவிடும். "பத்து டிரிங்க் நன்றாகச் செய்வேன், மீதி கற்றுக்கொள்வேன், ஐஸ், கிளாஸ், மேசை எல்லாம் பார்ப்பேன், மே வரை இருப்பேன்" என்று சொல்லுங்கள். கடைசிச் சொல்தான் முதலாளியின் காதில் விழும். பாதி சீசனில் ஓடிவிடும் ஆட்களால் நொந்துபோனவர் அவர்.

ஒன்றையும் மனதில் வையுங்கள். வெளியூர்க்காரர்கள் வந்து நிலத்தையும் தொழிலையும் பிடித்துக்கொள்கிறார்கள் என்ற மனக்குறை கோவாக்காரர்களுக்கு உண்டு. வெளியாளை 'பாயலே' என்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. அவர்கள் ஊரில் பிழைக்கப் போகிறோம், சத்தம் குறைவாக இருந்தால் மரியாதை தானாக வரும்.

ட்ரையலும் சம்பளப் பேச்சும்

ஒன்றிரண்டு நாள் ட்ரையல் கேட்பார்கள், பார்க்கலாம். மூன்றாம் நாளும் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். புத்தாண்டு வாரத்தில் ட்ரையல் என்ற பெயரிலேயே ஓசி ஆள் வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு.

சேர்கிறேன் என்று சொல்வதற்கு முன் கேட்க வேண்டியவை: சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், கையிலா வங்கியிலா, வாரவிடுப்பு உண்டா, டிப்ஸ் பொதுப் பெட்டியிலா, பெட்டியை யார் திறப்பார், சமையலறைக்கும் பங்கு உண்டா, உடைந்த கண்ணாடிக்குப் பிடித்தம் உண்டா, வாடிக்கையாளர் பில் கட்டாமல் ஓடினால் யார் தலையில்? கடைசிக் கேள்விக்கு "உன் தலையில்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு நடங்கள். சர்வீஸ் சார்ஜை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும். கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்பு விகிதத்தில் கூலி. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள். வேலையை விட்டாலும், நீக்கினாலும், கடையே மூடினாலும் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். ஷாக்கில் போய் இந்தச் சட்டத்தையெல்லாம் ஒப்பித்தால் வேலை கிடைக்காது, அது எனக்கும் தெரியும். அதற்குப் பதில், பேசி முடித்ததை அன்றே முதலாளிக்கு வாட்ஸப்பில் பணிவாக எழுதி அனுப்புங்கள்: "அண்ணா சொன்னபடி மாதம் இவ்வளவு, 7ஆம் தேதி, வாரம் ஒரு நாள் லீவு, நாளையிலிருந்து வருகிறேன்." அவர் கட்டைவிரலை உயர்த்திய படம் அனுப்பினால்கூட அது ஒரு ஆதாரம்.

ஹோட்டலில் 18,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஈஎஸ்ஐ உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய். முதலாளி 3.25 சதவீதம் போடவேண்டும். காசு பிடிக்கிறார்களே என்று முகம் சுளிக்காதீர்கள். உடைந்த கண்ணாடியில் கை கிழிந்து தையல் போடும் நாளில் அந்த 135 ரூபாயின் அருமை தெரியும்.

அறையையும் கதவையும் பாருங்கள்

2025 டிசம்பர் 6 நள்ளிரவை ஒட்டி, வடகோவாவின் அர்போராவில் ஓர் இரவு விடுதி தீப்பிடித்தது. 25 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை பார்த்தவர்கள், வெளிமாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அடித்தளத்தில் இருந்த சமையலறைப் பக்கம் பலர் சிக்கிக்கொண்டார்கள். வேலை கேட்டுப் போகும் எல்லோருக்கும் நான் இதைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேரும் முன் கடையைச் சுற்றி ஒரு நடை போங்கள். வாடிக்கையாளர் வரும் வழி தவிர இன்னொரு வழி இருக்கிறதா? அந்தக் கதவு திறக்கிறதா, அல்லது பீர் கிரேட்டுகளை அடுக்கி அடைத்திருக்கிறார்களா? சமையலறையில் சிலிண்டர் எங்கே, தீயணைப்பான் எங்கே, அதன் தேதி என்ன? கூரை ஓலையா? ஓலைக்குக் கீழே வாணவேடிக்கைக் குச்சி கொளுத்தும் பழக்கம் உண்டா? படுக்கும் அறை அடித்தளத்திலோ சரக்கு அறைக்குப் பின்னாலோ இருந்தால், ஜன்னலுக்கு வெளியிலிருந்து கம்பி அடித்திருந்தால், அங்கே படுக்காதீர்கள். மணலில் பாய் விரித்துப் படுப்பது மேல். கதவை அடைத்து வைத்திருக்கும் கிரேட்டுகளை முதல் நாளே நீங்களாக நகர்த்திவிட்டால் யாரும் திட்டமாட்டார்கள். நான் செய்திருக்கிறேன். "நல்ல பையன், சுத்தமாக வைத்திருக்கிறான்" என்றுதான் நினைத்தார்கள்.

வேலை நடக்கும்போது

இரவு 10 மணிக்குப் பிறகு திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அரசு சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை தளர்த்தலாம். தெற்கே பாலோலெமில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் ஆடும் விருந்துகள் வந்ததற்கு இந்த விதிதான் காரணம். உங்களுக்கு என்ன கவலை என்றால், போலீஸ் வரும்போது முதலாளி இருக்கமாட்டார், பாரில் நிற்பது நீங்கள். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் உடனே குறையுங்கள், பதில் பேசாதீர்கள்.

"தம்பி, பொருள் எங்கே கிடைக்கும்?" என்று ஒவ்வொரு இரவும் யாராவது கேட்பார்கள். 'தெரியாது' என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. ஒருவரை இன்னொருவருக்குக் கைகாட்டிவிட்டால்கூட போதைப்பொருள் சட்டத்தில் உடந்தை என்று உள்ளே போக வழி இருக்கிறது. டிப்ஸுக்கு ஆசைப்பட்டு எண்ணைக் கொடுத்த பையன்கள் ஊர் திரும்ப வருஷக்கணக்காகியிருக்கிறது.

வாடிக்கையாளர் வாங்கித் தரும் டிரிங்கை வேலை நேரத்தில் குடிக்காதீர்கள். மறுப்பது மரியாதைக் குறைவு என்று தோன்றினால், "வேலை முடிந்ததும் உங்க பேரைச் சொல்லிக் குடிக்கிறேன்" என்று கும்பிடு போடுங்கள். வேலை முடிந்து ஒரு பீர் குடித்தாலும் பைக்கைத் தொடாதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது சிறை. வாடகை பைக் எடுத்தால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விட அனுமதி இல்லை, பிடித்தால் நீங்கள்தான் ரோட்டில் நிற்பீர்கள்.

பெண்கள் பாரில் வேலை பார்க்கலாமா என்று தயங்குகிறவர்களுக்கு: உச்ச நீதிமன்றம் 2007இல் அனுஜ் கார்க் வழக்கில், மது பரிமாறும் இடங்களில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற பழைய பஞ்சாப் சட்டப்பிரிவை ரத்து செய்தது. கோவாவில் பெண் பார்டெண்டர்கள் சகஜம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்க உள்குழு இருந்தாக வேண்டும். சேரும்போது அந்தக் குழுவில் யார் யார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் திணறும் இடத்தைவிட, இரவு வேலை முடிந்ததும் வண்டியில் கொண்டுபோய் விடுகிற ஹோட்டல் மேல். முதல் சீசனுக்கு ஷாக் என்று நான் சொன்ன சிபாரிசு, தனியாகப் போகும் பெண்ணுக்குப் பொருந்தாது.

கடைசி மாதம்

மார்ச் முடிந்ததும் ஒரு நோட்டில் கணக்கு எழுத ஆரம்பித்துவிடுங்கள். வேலை செய்த நாள், எடுத்த லீவு, வாங்கிய முன்பணம், வர வேண்டிய பாக்கி. வாரம் ஒரு முறை மேனேஜரிடம் காட்டி ஒரு கையெழுத்து வாங்குங்கள், விளையாட்டாகச் சொல்வது போல. பாக்கியை ஒரு மாதத்துக்கு மேல் சேரவிடாதீர்கள். ஏப்ரல் சம்பளம் மே 7க்குள் வரவில்லை என்றால் 8ஆம் தேதியே கேளுங்கள். மே 25ஆம் தேதி கேட்டால் அவர் கையில் இருக்கும் காசு லாரிக்கும் மூங்கில் குடோனுக்கும் போய்விட்டிருக்கும்.

முடிந்தால் திரும்பும் டிக்கெட்டை ஷாக் பிரித்து நாலு நாள் கழித்து எடுங்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டவனிடம் "அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்வது சுலபம். நாளைக்கும் வந்து நிற்பான் என்று தெரிந்தவனிடம் அப்படிச் சொல்வது கஷ்டம். அப்படியும் தராவிட்டால் பணஜியில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் இருக்கிறது. நோட்டு, வாட்ஸப் செய்தி, நியமனக் கடிதம் மூன்றோடு போங்கள். புகார் கொடுக்கப் போகிறேன் என்று நிதானமாகச் சொன்ன அன்றே என் நண்பன் ஒருவனுக்குப் பணம் வந்துவிட்டது.

நல்லபடியாகக் கணக்குத் தீர்த்தவரிடம் அடுத்த வருஷத்துக்கும் இடம் கேட்டுவிட்டு வாருங்கள். ஒரு தாளில் வேலை பார்த்த காலத்தை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள், மணாலிக்கோ புதுச்சேரிக்கோ போனால் காட்டலாம். அப்புறம் சவொத் அன்று அவருக்கு ஒரு போன் போட்டு வாழ்த்துச் சொல்லுங்கள். ஷாக் எந்தத் தேதியில் கட்டுகிறார்கள் என்பதை அவரே சொல்லிவிடுவார்.